விலாசத்தை மாற்ற வேண்டாம், பட்டியலை மாற்றுங்கள்!

ராத்திரி மணி இரண்டு. பாட்டிக்கு மூச்சுத் திணறுகிறது. பேரன் ஆம்புலன்சுக்கு டெலிபோன் செய்கிறான்.

"விலாசம் சொல்லு தம்பி."

"புது நம்பர் 12, பழைய நம்பர் 7, பெருமாள் கோவில் குறுக்குத் தெரு, ஐயா."

"கம்ப்யூட்டரிலே அப்படி ஒரு தெருவே வரவில்லையே, தம்பி! பக்கத்திலே பெரிய கடை ஏதாவது இருக்கா?"

"மெயின் ரோட்டிலே ஒரு மருந்துக் கடை இருக்குங்க, ஐயா. சீக்கிரம் வாங்க!"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், நடக்காத காட்சி அல்ல. வீட்டுக்கு வழி தெரியாமல் முச்சந்தியில் நின்று டெலிபோன் செய்யும் பார்சல்காரரை அறியாத குடும்பம் உண்டா? பார்சல் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் பாதகமில்லை. பாட்டியின் மூச்சு பத்து நிமிஷம் காத்திருக்குமா?

தெரு இருக்கிறது. வீடு இருக்கிறது. தெருவில் உள்ள சிறு பிள்ளைக்குக்கூட அந்த வீடு தெரியும். யந்திரத்துக்கு மட்டும் தெரியவில்லை.

காரணம் என்ன? படத்தில் "கோயில்" என்று எழுதியிருக்கிறது. பேரன் "கோவில்" என்று சொன்னான். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்!

குற்றம் யாருடையது? பேரனுடையது அல்ல. கோயில் என்றாலும் சரி, கோவில் என்றாலும் சரி. யந்திரத்தின் குற்றமும் அல்ல. சொல்லிக் கொடுத்ததைத்தான் யந்திரம் செய்யும். சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் குற்றம்.

இதைத் திருத்த முடியுமா? முடியும். கோடி ரூபாய் வேண்டாம். ஒரு பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும்!

யந்திரம் எப்படித் தேடுகிறது?

பள்ளிக்கூடத்தில் பூகோளம் படித்த பிள்ளைகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை தெரியும். சென்னை, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 பாகையிலும், கிழக்கே சுமார் 80 பாகையிலும் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு. அந்த இரண்டு எண்கள் கிடைத்துவிட்டால் வண்டி நேராக வாசலுக்கு வந்து நிற்கும்.

மனிதர்கள் எண்களைச் சொல்வதில்லை. "பெருமாள் கோவில் தெரு" என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சொல்லை அந்த எண்ணாக மாற்றித் தரும் வேலைக்கு "ஜியோகோடிங்" என்று பெயர். செல்போனில் ஊர் பெயரை அடித்தவுடன் படம் அங்கே போய் நிற்கிறதே, அந்த வேலைதான்.

யந்திரத்துக்குக் கண் இல்லை. காது இல்லை. அது செய்வதெல்லாம் ஒன்றுதான். கேட்ட சொல்லை எடுத்துக்கொண்டு, தன்னிடம் உள்ள சொற்களோடு ஒத்துப் பார்க்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருந்தினால், "இதோ இருக்கிறது" என்று காட்டுகிறது. பொருந்தாவிட்டால் கையை விரிக்கிறது. அல்லது, தெருவை விட்டுவிட்டு ஊரை மட்டும் காட்டுகிறது.

ஆகையால், எந்தெந்தச் சொல் எந்தெந்தச் சொல்லுக்குச் சமம் என்று யந்திரத்துக்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுக்கும் தாளைத்தான் கணினிக்காரர்கள் "கான்பிக் பைல்" என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மளிகைக் கடைச் சீட்டுப் போல, வரிவரியாக எழுதிய சாதாரணப் பட்டியல் அது.

ஊரார் வரைந்த படம்

2004–ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஒரு காரியத்தைத் தொடங்கினார். உலகப் படத்தை உலகத்தாரே சேர்ந்து வரைய வேண்டும் என்றார். அதுதான் "ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்". யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை அதில் வரையலாம். யார் வேண்டுமானாலும் அந்தப் படத்தை எடுத்துப் பயன்படுத்தலாம்.

அந்தப் படத்தில் விலாசம் தேடித் தருகிற யந்திரத்தின் பெயர் "நாமினேட்டிம்". லத்தீன் மொழியில் "பெயரால்" என்று பொருள். பிரையன் குவினியன் என்பவர் இதை முதலில் எழுதினார். சாரா ஹாப்மன் என்ற பெண்மணி பல ஆண்டுகளாக இதைப் பராமரித்து வளர்த்து வருகிறார்.

இந்த யந்திரத்தில் ஒரு விசேஷம். இதன் விதிகள் பூட்டிய பெட்டிக்குள் இல்லை. எல்லாம் எழுத்துத் தாள்களாகத் திறந்து கிடக்கின்றன. ஒரு நகரசபையோ, ஒரு கல்லூரியோ, ஒரு ஆஸ்பத்திரியோ இதை இலவசமாக எடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுவதையும் வைத்தால்தான் மிகப் பெரிய கணினி வேண்டும். தன் பகுதியின் படத்தை மட்டும் வைத்தால் செலவு வெகுவாகக் குறையும். வைத்த பிறகு, விதிகளைத் தன் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

பொதுவாக எல்லோரும் பயன்படுத்தும் நாமினேட்டிம் கணினியில் இது முடியாது. அங்கே ஒருவர் ஒரு வினாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. விதியையும் ஒருவர் இஷ்டத்துக்கு மாற்ற இயலாது. சொந்தமாக வைத்துக்கொள்பவருக்குத்தான் அந்தச் சுதந்திரம்.

ஒரு வரி, ஓர் அம்பு

பட்டியல் எப்படி இருக்கும்?

இடப்பக்கம் ஒரு சொல். நடுவே ஓர் அம்புக்குறி. வலப்பக்கம் இன்னொரு சொல். அவ்வளவுதான்.

"கோயில்" என்று எழுதி, அம்பு போட்டு, "கோவில்" என்று எழுதினால், இரண்டும் ஒன்றே என்று யந்திரம் புரிந்துகொள்ளும். பேரன் எப்படிச் சொன்னாலும் தெரு கிடைக்கும்.

"ரோடு" என்று எழுதி, "சாலை" என்று அம்பு போடலாம். "குறுக்குத் தெரு" என்று ஒருவர் எழுதுவார். "குறுக்கு தெரு" என்று இன்னொருவர் ஒற்றை விட்டுவிடுவார். தமிழ் வாத்தியார் காதைத் திருகட்டும்; ஆம்புலன்சு தாமதிக்கக் கூடாது! அதற்கும் ஒரு வரி எழுதலாம்.

இதெல்லாம் புதிய தந்திரம் அல்ல. ஜெர்மானியர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.

ஜெர்மன் மொழியில் தெருவுக்கு "ஸ்ட்ராஸே" என்று பெயர். அந்தச் சொல்லைத் தெருவின் பெயரோடு ஒட்டியும் எழுதுவார்கள். பிரித்தும் எழுதுவார்கள். சுருக்கி, "ஸ்ட்ர" என்று புள்ளி வைத்தும் எழுதுவார்கள். நாமினேட்டிமின் ஜெர்மன் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் அலைக்கோடு போட்டிருக்கிறது. "ஒட்டி இருந்தாலும் பிரிந்து இருந்தாலும் ஒன்றே" என்பது அந்தக் கோட்டின் பொருள்.

மதுரையிலும் இதே தொல்லைதானே? ஒருவர் "மேலமாசி வீதி" என்று எழுதுகிறார். இன்னொருவர் "மேல மாசி வீதி" என்று எழுதுகிறார். ஜெர்மானியருக்கு உதவும் யந்திரம் மதுரைக்காரருக்கு உதவாதா? உதவும். மதுரையின் வழக்கத்தை யாராவது எழுதித் தர வேண்டும்.

தமிழன் சுருக்காத பெயர் உண்டா?

ஊர்ப் பெயரைச் சுருக்கிச் செல்லமாகச் சொல்வது தமிழர்களின் பழைய வழக்கம். கோயம்புத்தூர் கோவை ஆயிற்று. தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று. திருநெல்வேலி நெல்லை. உதகமண்டலம் உதகை. சைதாப்பேட்டை சைதை. இலக்கணம் படித்தவர்கள் இதற்கு "மரூஉ" என்று பெயர் சொல்வார்கள். வழக்கத்தில் தேய்ந்த பெயரும் சரியான பெயர்தான் என்று தமிழ் இலக்கணமே ஒப்புக்கொள்கிறது.

இப்போதைய சுருக்கங்களும் குறைவா? தியாகராய நகர், "தி. நகர்" ஆயிற்று. கலைஞர் கருணாநிதி நகர், "கே.கே. நகர்" ஆயிற்று. சர் தியாகராயா ரோடு என்றால் பலருக்குத் தெரியாது. பாண்டி பஜார் என்றால் தெரியாதவர் இல்லை. அண்ணா சாலை என்று பெயர் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், "மவுண்ட் ரோடு" என்ற பெயர் மக்கள் வாயிலிருந்து போகவில்லை.

இவற்றில் எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்வது யந்திரத்தின் வேலை அல்ல. எல்லாப் பெயருக்கும் வாசல் திறந்து வைப்பதே அதன் வேலை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் படத்தில் ஒரு தெருவுக்குப் பல பெயர்கள் எழுத இடம் இருக்கிறது. இன்றைய பெயர், பழைய பெயர், உள்ளூர்ப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனியே எழுதலாம். அவற்றில் எவற்றை எடுத்துக்கொள்வது என்று இன்னொரு பைல் சொல்கிறது. மக்கள் பேசும் பெயரை முதலில் படத்தில் எழுத வேண்டும். அதை யந்திரம் எடுத்துக்கொள்ளும்படி பைலைச் சரிபார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

இரண்டு மொழியும் எழுதுவது ஏன் அவசியம்? தமிழ் எழுத்தைக் கொடுத்தால், யந்திரம் அதை எழுத்துக்கு எழுத்து ஆங்கில எழுத்தாக மாற்றித்தான் தேடுகிறது. அப்படி மாற்றினால் "மயிலாப்பூர்" என்பது "மயிலாப்பூர்" என்றே வரும். ஆங்கிலத்தில் எழுதுகிறவரோ "மைலாபோர்" என்று எழுதுகிறார்! இரண்டும் ஒன்று என்று தானாகக் கண்டுபிடிக்க யந்திரத்தால் ஆகாது. "தூத்துக்குடி"யும் "டூட்டிகொரி"னும் ஒன்று என்று அதற்கு யார் சொல்வது? மனிதன்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டின் கீழ் ஏழு

இனி, வீட்டு நம்பர் விஷயத்துக்கு வருவோம். சென்னைவாசிகளுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். ஒரே வீட்டுக்குப் புது நம்பர் ஒன்று. பழைய நம்பர் ஒன்று. கதவில் "12/7" என்று எழுதியிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் பழைய நம்பரை முன்னால் எழுதியிருப்பார்!

நாமினேட்டிமில் வீட்டு நம்பரைப் பிரித்துப் பார்க்க ஒரு விதி இருக்கிறது. காற்புள்ளி வந்தால் இரண்டு நம்பர் என்று அது எடுத்துக்கொள்ளும். அரைப்புள்ளி வந்தாலும் அப்படியே. சாய்கோட்டை அது அப்படி எடுத்துக்கொள்வதில்லை.

"அந்த விதியில் சாய்கோட்டையும் சேர்த்துவிட்டால் என்ன?" என்று தோன்றும். சேர்க்கலாம். ஒரே ஓர் எழுத்துதான். உடனே 12 என்று கேட்டாலும் வீடு கிடைக்கும். 7 என்று கேட்டாலும் கிடைக்கும்.

ஆனால், ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்தில் இதே சாய்கோட்டுக்கு வேறு அர்த்தம். அங்கே 12/7 என்றால் 12–ம் நம்பர் கட்டிடம், 7–ம் கதவு. சாய்கோட்டில் பிரித்தால், 7–ம் நம்பர் வீட்டைத் தேடுபவருக்கு 12–ம் நம்பர் கட்டிடமும் சேர்ந்து வந்து குழப்பும்!

வியன்னா வரை போவானேன்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் "4/112" என்று கதவில் எழுதியிருக்கும். 4 என்பது வார்டு. 112 என்பது வீடு. அங்கே பிரித்தால், 4–ம் நம்பர் வீட்டைத் தேடுகிறவர் 112–ம் நம்பர் வீட்டு வாசலில் போய் நிற்பார்!

ஆக, சென்னைக்கு நல்லது வியன்னாவுக்குக் கெடுதல். பட்டணத்துக்கு நல்லது கிராமத்துக்குக் கெடுதல். இதனால்தான் உலகம் முழுவதற்கும் ஒரே விதி செல்லாது. தூர தேசத்தில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினீயர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இந்தத் தெருக் கதவில் உள்ள சாய்கோட்டின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. இந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும்.

காந்தி தெரு எந்த ஊரில்?

காந்தி தெரு இல்லாத ஊர் இல்லை. எந்தக் காந்தி தெரு என்று யந்திரம் எப்படி முடிவு செய்கிறது?

அதற்கு ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். 0 முதல் 30 வரை படிகள். நாடு 4–ம் படியில் இருக்கிறது. மாநிலம், மாவட்டம், ஊர், பேட்டை என்று கீழே இறங்கி, தெரு 26–ம் படிக்கு வருகிறது. வீடு 30–ம் படி. எது எதற்குள் அடங்கும் என்பதை இந்தப் படிகளால் யந்திரம் அறிந்துகொள்கிறது.

இந்தப் படிகளும் பைலில்தான் எழுதியிருக்கின்றன. நாட்டுக்கு நாடு மாற்றி எழுத அதில் வசதி இருக்கிறது. எல்லா நாட்டிலும் தாலுகா உண்டா? இல்லை. நம் பேட்டையும் குப்பமும் மற்ற நாட்டில் உண்டா? இல்லை. ஆகையால், ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் ஊர் அமைப்பைத் தாங்களே எழுத வேண்டியிருக்கிறது.

தபால் பின்கோடுக்கும் ஒரு விதி உண்டு. இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்டு 15–ந் தேதி வந்தது. ஆறு எண்கள். மயிலாப்பூருக்கு 600004. சிலர் மூன்று எண்ணுக்குப் பிறகு இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். இன்ன நாட்டில் எத்தனை எண், எங்கே இடைவெளி வரலாம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால், வயதானவர்கள் இன்னும் "சென்னை–4" என்றுதான் கடிதத்தில் எழுதுகிறார்கள். தபால்காரருக்கு அது புரிகிறது. யந்திரத்துக்கும் புரிய வேண்டாமா?

நம்பர் மட்டும் போதாதா?

"எதற்கு இந்த வம்பு? ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது!" என்று சிலர் சொல்கிறார்கள்.

அந்த ஏற்பாடும் வந்திருக்கிறது. 2025–ம் ஆண்டு இந்தியத் தபால் இலாகா "டிஜிபின்" என்பதை வெளியிட்டது. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி கொடுத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. தெருப் பெயரே இல்லாத இடத்துக்கு மிகவும் உதவும்.

ஆனால், பாட்டிக்கு மூச்சுத் திணறும்போது பேரனுக்கு அந்தப் பத்து எழுத்து ஞாபகம் வருமா? பதற்றத்தில் ஒரு குறி மாறினால் வண்டி எங்கே போய் நிற்கும்? "பெருமாள் கோவில் தெரு" என்பதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

குறியும் இருக்கட்டும். பெயரும் இருக்கட்டும். குறி வந்துவிட்டது என்று பெயரைக் கைவிடக் கூடாது.

பெயர் விஷயம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம். 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசாங்கம், 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி உத்தரவு வெளியிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால், புதிய எழுத்துகள் சரியில்லை என்று பல பக்கமிருந்தும் குரல் எழுந்தது. சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

காகிதத்தில் ஒரு பெயர்தான் இருக்க முடியும். ஆகவே சண்டை வருகிறது. யந்திரத்தின் பட்டியலில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே பத்துப் பெயரும் அருகருகே இருக்கலாம். ஒன்றை அழித்துத்தான் இன்னொன்றை எழுத வேண்டும் என்பதில்லை.

ஆபத்து இல்லையா?

உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

ஆங்கிலத்தில் "ஸ்ட்ரீட்" என்பதை "எஸ், டி" என்ற இரண்டு எழுத்தில் சுருக்குவார்கள். "செயிண்ட்" என்பதையும் அதே இரண்டு எழுத்தில்தான் சுருக்குவார்கள். "எஸ், டி என்றால் ஸ்ட்ரீட் மட்டும்தான்" என்று அவசரப்பட்டு எழுதினால், செயிண்ட் தாமஸ் மவுண்ட் என்ன ஆகும்? "ஸ்ட்ரீட் தாமஸ் மவுண்ட்" ஆகிவிடும்!

"டாக்டர்" என்பதன் சுருக்கமும், வெளிநாட்டில் தெருவைக் குறிக்கும் "டிரைவ்" என்பதன் சுருக்கமும் ஒன்று. கவனிக்காவிட்டால் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு ஆபத்து!

தமிழிலும் அப்படியே. "தெ." என்றால் தெருவா, தெற்கா?

அம்புக்குறியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய சொல்லை வைத்துக்கொண்டு புதிய சொல்லையும் சேர்க்கும். மற்றொன்று, பழைய சொல்லை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைக்கும். ஒரு கோடு வித்தியாசத்தில் சேர்ப்பது நீக்குவதாகிவிடும்! சந்தேகம் உள்ள இடத்தில் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று. இந்தப் பைல்களில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குக்கூட அர்த்தம் உண்டு. ஓர் இடைவெளி தவறினால் முழுப் பட்டியலும் நின்றுபோகலாம். மேலும், சில விதிகளை மாற்றினால் அவை புதிதாகப் படிக்கும் பெயர்களுக்குத்தான் பிடிக்கும். சில விதிகளுக்காகப் படம் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

ஆகையால், பழைய பைலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். ஊரில் நன்றாகத் தெரிந்த நூறு விலாசங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த நூறையும் தேடிப் பார்க்க வேண்டும். முன்பு கிடைத்த ஒன்று இப்போது கிடைக்காமல் போனால், திருத்தத்தில் தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

கத்தி கூர்மையானது என்பதற்காக எந்த வீட்டிலும் காய் நறுக்காமல் இருப்பதில்லை. கவனமாக நறுக்குகிறார்கள். அதுபோலத்தான் இதுவும்.

பட்டியல் யாரிடம் இருக்கிறது?

இந்தப் பட்டியலை யார் எழுதுவது? எங்கே போய்த் தேடுவது?

தேட வேண்டியதில்லை. பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. தபால்காரர் தலைக்குள் இருக்கிறது!

பெருமாள் கோவிலும் பெருமாள் கோயிலும் ஒன்று என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக்கு எது பழைய நம்பர் என்று தெரியும். "மளிகைக் கடைச் சந்து" என்று எழுதினால், கடை மூடிப் பல வருஷம் ஆனாலும் எந்தச் சந்து என்று தெரியும். அவர் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போகும்போது, அந்தப் பட்டியலும் அவரோடு போய்விடுகிறது. ஊருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்!

அந்த அறிவை எழுதி வாங்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தபால்காரர், ஆட்டோ ஓட்டுநர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், வார்டு மருத்துவ ஊழியர் ஆகியோரைக் கேட்டு எழுதலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதை ஒரு விடுமுறையில் செய்துவிடலாம். அதைக் கான்பிக் பைலாக மாற்றுவது, கணினி படித்த கல்லூரி மாணவர்களுக்குச் சிரமமான வேலை அல்ல.

சம்பளம் கொடுத்து வெளிக் கம்பெனியின் தேடும் யந்திரத்தை வாங்கினால் என்ன? வாங்கலாம். ஆனால், ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "விதிப் பட்டியலை எங்கள் ஊரார் திருத்தலாமா?" திருத்த முடியாது என்றால், ஊர் வழக்கத்துக்கு அங்கே இடம் இல்லை. கம்பெனி மூடிவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் "மேப்சென்" என்று ஒரு நிறுவனம் இருந்தது. "பெலியாஸ்" என்ற விலாசம் தேடும் யந்திரம் அங்கேதான் உருவாயிற்று. 2018–ம் ஆண்டு அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஆனால், பெலியாஸ் சாகவில்லை! அதன் உள்ளமைப்பும் பட்டியல்களும் எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டிருந்தன. மற்றவர்கள் எடுத்து நடத்தினார்கள். இன்றும் நடக்கிறது. அதிலும் தெருப் பெயர்களுக்கு ஒன்று, ஊர்ப் பெயர்களுக்கு ஒன்று என்று, சமமான சொற்களை எழுதத் தனித்தனிப் பைல் இருக்கிறது. திறந்து வைத்த பொருளுக்குச் சாவு இல்லை என்பதற்கு இது சாட்சி.

ஒரு கடமையும் உண்டு. ஓர் ஊரார் எழுதிய பட்டியலைத் தங்களுக்குள்ளேயே பூட்டி வைக்கக் கூடாது. "கோயில், கோவில்" என்ற வரி எல்லாத் தமிழ் ஊருக்கும் உதவும். அதைப் பொதுவில் கொடுத்துவிட வேண்டும். பழைய நம்பர், சாய்கோடு போன்ற உள்ளூர் விஷயத்தை மட்டும் தங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பொது எது, சொந்தம் எது என்று பிரித்தறிவதே இந்த வேலையின் சாரம்.

மக்கள் மாற வேண்டியதில்லை

யந்திரம் வந்த நாள் முதல், மனிதர்கள்தான் அதற்காக வளைந்து கொடுக்கிறார்கள். "இப்படி எழுதாதே, அப்படி எழுது" என்று கவுண்ட்டரில் அதட்டுகிறார்கள். "உங்கள் விலாசம் செல்லாது" என்று திரையில் சிவப்பு எழுத்து வருகிறது. எழுதப் படிக்க இப்போதுதான் கற்றுக்கொண்ட ஒரு தாய், தன் வீட்டு விலாசமே தவறோ என்று வெட்கப்படுகிறாள்.

அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. அவள் சொன்ன விலாசம் சரி. நாற்பது வருஷமாக அந்த விலாசத்துக்குக் கடிதம் வருகிறது. கல்யாணப் பத்திரிகை வருகிறது. மகன் அனுப்பும் பணம் வருகிறது. தவறு, பட்டியலில் அந்த ஒரு வரி இல்லாததுதான்.

நகரசபைகளும், ஆஸ்பத்திரிகளும், ஆம்புலன்சு நடத்துவோரும் இதை அற்ப வேலையாக நினைக்கக் கூடாது. தெருவுக்கு விளக்குப் போடுவது போல இதுவும் ஒரு கடமை. விளக்கு இல்லாத தெருவில் மனிதன் தடுமாறுகிறான். வரி இல்லாத பட்டியலில் வண்டி தடுமாறுகிறது.

ஒரு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தை இன்று பகலில் ஒருவர் செலவழித்தால், நாளை ராத்திரி இரண்டு மணிக்குப் பேரன் டெலிபோன் செய்யும்போது, மறுமுனையிலிருந்து இப்படிப் பதில் வரும்:

"பெருமாள் கோவில் குறுக்குத் தெருதானே? தெரிகிறது, தம்பி. வண்டி புறப்பட்டாச்சு. வாசலிலே விளக்கைப் போட்டு வை!"